ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்: விண்டோஸும் மேக்கும் லினக்ஸும் ஒரே கூரையின் கீழ்

தெரிந்த அண்ணாச்சி ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார். பில் போட ஒரு விண்டோஸ் கணினி, அச்சுக்கு அனுப்பும் மேஜையில் இன்னும் இரண்டு விண்டோஸ், டிசைனரிடம் பத்து வருடத்துக்கும் மேலான ஓர் ஐமேக். மூலையில் மானிட்டர்கூட இல்லாமல் தூசி படிந்தபடி ஓடும் லினக்ஸ் பெட்டி ஒன்று. வேலைக் கோப்புகள் எல்லாம் அதில்தான். ஒரு நாள் அவரிடமிருந்து போன். கோயில் திருவிழா நோட்டீஸைப் பழைய தேதியோடு அடித்துவிட்டார்கள். டிசைனர் தேதியைத் திருத்திப் பெட்டிக்கு அனுப்பியது உண்மை. மேஜைக்காரர் பெட்டியில் இருந்த கோப்பைத்தான் அச்சுக்குக் கொடுத்தார், அதுவும் உண்மை. போய் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். "கோயில் நோட்டீஸ்" என்று இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து நின்றன. எழுத்துக்கு எழுத்து அதே பெயர்.

"ஒரே ஃபோல்டர்ல ஒரே பேருல ரெண்டு ஃபைல் எப்படித் தம்பி இருக்கும்? கம்ப்யூட்டர் விடாதுல்ல?"

விடாதுதான், பெயர் உண்மையிலேயே ஒன்றாக இருந்தால். அது ஒன்றில்லை என்று அண்ணாச்சிக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. அந்த மத்தியானம் சொன்னதையும், அவர் பொறுமை இழந்துவிடுவாரே என்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேறு வேறு இயங்குதளங்களை இணைப்பது என்றதும் பலருக்கு மனதில் வருவது கம்பி, சுவிட்ச், ஐபி முகவரி. அந்தச் சண்டை முடிந்து வெகு காலமாகிறது. 1980களில் அது நிஜமான சண்டை. ஆப்பிள் கணினிகள் லோக்கல்டாக் கம்பியில் ஆப்பிள்டாக் பேசின. ஐபிஎம் ஆட்கள் டோக்கன் ரிங் வைத்திருந்தார்கள். நோவெல் நெட்வேர் போட்ட அலுவலகங்களில் ஐபிஎக்ஸ் ஓடியது. யூனிக்ஸ் பெட்டிகள் ஈதர்நெட்டில் டிசிபி/ஐபி பேசின. ஒன்றின் பிளக் இன்னொன்றில் நுழையவே நுழையாது. பிறகு கீழிருந்து ஒவ்வொரு அடுக்காக ஒன்றானது. முதலில் எல்லாரும் ஈதர்நெட்டுக்கு வந்தார்கள். இணையம் பரவியதும் டிசிபி/ஐபி வந்தது, மற்றவை ஓய்ந்தன. இன்றைக்கு எந்தக் கணினியிலிருந்து எந்தக் கணினிக்குப் பிங் அடித்தாலும், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்கும் சின்னச் செய்தியை அனுப்பினாலும், பெரும்பாலும் பதில் வரும். சர்வீஸுக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வசனமே அதுதான்: "பிங் போகுது சார், ஷேர்தான் ஓப்பன் ஆகல."

பிங் போவது வீட்டுக்குப் பாதை இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். கதவைத் தட்டி, "உள்ளே இருக்கும் ஃபோல்டரைக் காட்டு, இந்தக் கோப்பைத் திற, நான் எழுதும்வரை மற்றவரைத் தொடவிடாதே" என்று சொல்ல ஒரு பொதுமொழி வேண்டும். அந்த மொழிக்குப் பெயர் எஸ்எம்பி.

இது 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினிகள் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர வேண்டும் என்பதுதான் அப்போதைய தேவை. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து, லேன் மேனேஜரில் வளர்த்து, பின்னாளில் விண்டோஸுக்குள் ஊன்றிவிட்டது. யூனிக்ஸ் உலகத்துக்கு சன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் இருந்தது. ஆப்பிளுக்கு ஏஎஃப்பி. மூன்று பேரும் தத்தம் வீட்டு மொழியில் சுகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்எம்பி ஆரம்பத்தில் நெட்பயாஸ் என்ற அடுக்கின் மேல்தான் சவாரி செய்தது. பழைய விண்டோஸ் நெட்வொர்க்கின் வினோதங்கள் பெரும்பாலும் இதிலிருந்து வந்தவை. நெட்பயாஸில் கணினியின் பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது. 16ஆவது இடம் அது என்ன வகைச் சேவை என்று குறிக்க. பெயர்களைப் பதிந்து வைக்க ஆபீஸ் எதுவும் கிடையாது. தெருவில் நின்று, "நான் இன்னார், இந்தப் பெயரில் வேறு யாராவது உண்டா?" என்று கூவ வேண்டும். மறுப்பு வராவிட்டால் பெயர் உனக்கு.

கூவி அறிந்த பெயர்களைப் பட்டியல் போட்டு வைக்க ஒரு கணினி வேண்டுமே, அதற்குத் தேர்தல். வேடிக்கைக்காக நான் வைத்த பெயரல்ல. ஆவணங்களிலேயே அதற்குப் பெயர் தேர்தல்தான். வாக்காளர் என்று தனியாக யாரும் இல்லை, வேட்பாளர்களே ஒருவருக்கொருவர் தங்கள் தகுதியைச் சொல்லிக்கொள்வார்கள். விண்டோஸ் 95க்குத் தகுதி எண் 1, என்டி வொர்க்ஸ்டேஷனுக்கு 16, என்டி சர்வருக்கு 32. பெரிய எண் காதில் விழுந்ததும் சின்ன எண் ஒதுங்கிவிடும். லினக்ஸ் பெட்டியில் ஓடும் மென்பொருளுக்கு இயல்பாக 20. ஆனால் அமைப்புக் கோப்பில் அதை 65 என்று மாற்றி எழுதிவிட்டால் எந்தத் தேர்தலிலும் அதுதான் ஜெயிக்கும். நெட்வொர்க் பார்த்துக்கொண்ட ஆட்களில் பாதிப்பேர் இதை ஒரு தடவையாவது செய்திருப்பார்கள்.

ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒரு முறை, நான் இருக்கிறேன் என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்பு தவறினால்தான் பட்டியலில் பெயர் அடிபடும். ஆஃப் செய்த கணினி அரை மணி நேரத்துக்கு மேல் பட்டியலில் பேயாக நின்றது இதனால்தான். இப்போதுதான் போட்ட கணினி கண்ணில் படாமல் போனதற்கும் காரணம் இந்தப் பட்டியல்தான். எக்ஸ்பி காலத்தில் இன்னொரு கூத்து: ஹோம் பதிப்பு எம்எஸ்ஹோம் என்ற குழுவிலும், புரொஃபஷனல் பதிப்பு வொர்க்குரூப் என்ற குழுவிலும் பிறக்கும். பக்கத்து மேஜையில் இருந்துகொண்டே ஒன்றையொன்று பார்க்காது.

சரி, இந்த மொழியை விண்டோஸ் அல்லாத கணினிக்கு யார் கற்றுக்கொடுத்தது? இதுதான் முழுக்கதையிலும் எனக்குப் பிடித்த இடம்.

1991 டிசம்பர். கேன்பராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர். அவர் மேஜையில் ஒரு டாஸ் கணினி. அதில் டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் இருந்தது; அதன் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வரில் உள்ள கோப்புகளைத் திறக்கலாம். பக்கத்திலிருந்த சன் கணினியையும் அப்படியே திறக்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த மொழிக்குப் பெயர் என்ன, அதற்கு ஆவணம் உண்டா, எதுவும் அவருக்குத் தெரியாது. கம்பியில் போகும் பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் சின்ன நிரல் ஒன்றை எழுதினார். டாஸ் கணினி என்ன கேட்கிறது, சர்வர் என்ன பதில் தருகிறது என்று பார்த்தார். அதே கேள்விக்கு அதே பதிலைத் தரும் சர்வர் ஒன்றை எழுதி, 1992 ஜனவரியில் வெளியிட்டார். அத்தோடு அதை மறந்தும் போனார். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, மனைவியின் விண்டோஸ் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்க வேண்டி வந்தபோதுதான், தான் அன்றைக்கு எழுதியது மைக்ரோசாஃப்ட் உலகம் முழுக்கப் பேசும் எஸ்எம்பி என்று அவருக்கே புரிந்தது.

இந்த முறையை அவர் ஒரு பிரெஞ்சு காப்பிக்கடையை வைத்து விளக்குவதுண்டு. பிரெஞ்சு தெரியாது. அகராதி இல்லை. ஒரு மேஜையில் உட்கார்ந்துகொள். பக்கத்து மேஜைக்காரர் என்ன சொல்கிறார், சர்வர் என்ன கொண்டுவருகிறார் என்று கவனி. பிறகு அதே சத்தத்தை நீ எழுப்பிப் பார். கொஞ்சம் மாற்றிச் சொல்லிப் பார். தப்பாகச் சொன்னால் என்ன திட்டு கிடைக்கிறது என்றும் குறித்துக்கொள். இதைப் படித்தபோது, பாஷை தெரியாமல் போய் ஒரே வருடத்தில் பம்பாய் இந்தி பேசிய எங்கள் ஊர் ஆட்கள் பலர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களிடமும் இலக்கணப் புத்தகம் இருந்ததில்லை.

மென்பொருளுக்கு முதலில் வைத்த பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கெனவே வணிகக்குறியாகப் பதிந்திருந்தது, மாற்ற வேண்டி வந்தது. டிரிட்ஜெல் தன் யூனிக்ஸ் கணினியில் இருந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் எஸ், எம், பி ஆகிய மூன்றும் இதே வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். சாமன்பெர்ரி, சாம்பா, ஸாடிம்பர், ஸ்க்ராம்பிள் என்று சில வந்தன. சாம்பாவை எடுத்துக்கொண்டார். தமிழ்ப் பட்டியலில் தேடியிருந்தால் சம்பா அரிசியும் சாம்பாரும் அகப்பட்டிருக்கும், அது வேறு விஷயம்.

பிறகு ஜெரமி அலிசன் போன்றவர்கள் சேர்ந்தார்கள், சாம்பா வளர்ந்தது. இன்றைக்குக் கோப்புகளைச் சேமித்து நெட்வொர்க்கில் பகிர வீட்டில் வைக்கும் நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸும் அதன் மேல் சாம்பாவும்தான். வாங்கி வைத்தவருக்கே அது தெரியாது.

மொழியைக் கற்றுக்கொண்டாயிற்று, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். சொற்கள் ஒன்றானதும்தான் தெரிந்தது, கோப்பு என்றால் என்ன என்பதிலேயே மூன்று வீட்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் லினக்ஸுக்கு அது வேறு கோப்பு. விண்டோஸுக்கு அதே கோப்பு. விண்டோஸ் கணினி பெரிய எழுத்தில் ஒரு கோப்பைக் கேட்டு, லினக்ஸ் வட்டில் அது சின்ன எழுத்தில் இருந்தால், சாம்பா அந்த ஃபோல்டரில் உள்ள பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஃபோல்டரில் ஐம்பதாயிரம் ஸ்கேன் படத்தைக் கொட்டி வைத்தால் திறக்க ஏன் இவ்வளவு நேரமாகிறது என்பதற்கு இது ஒரு பதில். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறியெல்லாம் லினக்ஸில் பெயருக்குள் தாராளமாக வரலாம், விண்டோஸில் கூடாது. அப்படி ஒரு பெயரைச் சந்தித்தால் சாம்பா தானாக ஒரு குட்டைப் பெயரைச் சூட்டி விண்டோஸுக்குக் காட்டும். பார்க்க ஏதோ வைரஸ் வந்த மாதிரி இருக்கும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, தப்பித்தோம் என்று நினைத்தால் வேறு இரண்டு இடத்தில் மாட்டுகிறோம்.

முதலாவது நீளம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் ஒரு பெயரின் எல்லை 255 குறிகள். தமிழ் எழுத்துக்கான குறி எதுவானாலும் அதில் ஒன்றாகவே எண்ணப்படும். லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டிலும் எல்லை 255தான், ஆனால் அங்கே கணக்கு பைட்டில். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டைத் தின்னும். ஆக 85 குறியோடு சரி. அதிலும் "கி" என்பது இரண்டு குறி, "க்" என்பதும் இரண்டு. "திருமண வரவேற்பு அழைப்பிதழ் இறுதித் திருத்தம் மாமா சொன்னது" என்கிற ரகத்தில் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு 85 என்பது சீக்கிரம் முட்டும் சுவர். விண்டோஸ் வட்டில் ஒழுங்காக இருந்த கோப்பு, லினக்ஸ் பெட்டிக்கு நகல் எடுக்கும்போது மட்டும் பெயர் நீளம் என்று முரண்டு பிடிக்கும். ஆங்கிலப் பெயருக்கு 255 எழுத்தும் அப்படியே கிடைப்பதால் இந்தச் சுவர் இருப்பதே ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்குத் தெரியாது.

இரண்டாவதுதான் கோயில் நோட்டீஸ். "கோ" என்று எழுதும்போது க-வுக்கு முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் ஒரு கால். ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு, இந்த ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுத விடுகிறது. கொம்பும் காலும் சேர்ந்த முழுக்குறியாக ஒரே எண். அல்லது கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண். திரையில் இரண்டும் ஒன்றுதான், நூற்றுக்கு நூறு. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. தமிழ் விசைப்பலகைகள் பொதுவாகச் சேர்ந்த குறியைத்தான் எழுதுகின்றன. விண்டோஸும் லினக்ஸும் தட்டியதைத் தட்டியபடியே வட்டில் வைக்கும். ஆனால் மேக்கின் பழைய வட்டமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்து வைப்பதையே விதியாகக் கொண்டிருந்தது. நீ எப்படித் தட்டினாலும் சரி, அது கொம்பையும் காலையும் பிரித்துத்தான் பதியும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் இந்தக் கட்டாயத்தை விட்டுவிட்டது. அண்ணாச்சியின் ஐமேக்கில் இருந்ததோ பழையது.

"கோயில் நோட்டீஸ்" என்பதைச் சேர்ந்த குறிகளோடு எழுதினால் 43 பைட். இரண்டு ஓகாரத்தையும் பிரித்தால் 49 பைட். மேஜைக்காரர் விண்டோஸிலிருந்து பெட்டியில் முதலில் போட்டது 43 பைட் பெயர். டிசைனர் அதை மேக்கில் இறக்கினார். இறங்கிய கணத்தில் பெயர் 49 ஆனது. தேதியைத் திருத்தினார். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாகப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பினார். பழையதன் மேல் எழுத வேண்டிய புதுக் கோப்பு, 49 பைட் பெயரோடு புது ஆளாகப் பக்கத்தில் உட்கார்ந்தது. மேஜைக்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல்தானே தெரியும், முதலில் இருந்ததை எடுத்தார். யார்மேலும் தப்பில்லை. அந்த ஆர்சிங்க்கை எழுதியவர்களில் ஒருவர் அதே டிரிட்ஜெல் என்பதை அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. ஆர்சிங்க் 3ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பெயர்ச் சிக்கலைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மேக்கோடு சேர்ந்து வந்ததோ 2.6.9.

மேக் விட்டுச்செல்லும் மிச்சங்கள் இன்னும் உண்டு. பழைய மேக் கோப்புக்கு இரண்டு பாகம்: தரவு ஒரு பாகம், மற்ற விவரங்கள் இன்னொரு பாகம். விண்டோஸுக்கு அந்த இரண்டாம் பாகம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் காலத்து மேக் டைப்-1 எழுத்துருக்களின் உயிரே இரண்டாம் பாகத்தில்தான். அவற்றை விண்டோஸ் கணினியில் நகலெடுத்தவர்கள் 0 கேபி என்று பார்த்து விழித்திருப்பார்கள். இப்போதும் மேக் ஒரு பொதுஃபோல்டருக்குள் வந்து போனால் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த குட்டிக் கோப்புகள் தங்கிப்போவதுண்டு. அழித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அழித்தாலும் மேக் திரும்பி வந்ததும் முளைக்கும்.

உரிமை விஷயத்தில் இன்னொரு விதமான பொருத்தமின்மை. யூனிக்ஸில் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று வகையினர். ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதி. மொத்தம் ஒன்பது சுவிட்ச். விண்டோஸ் என்டியிலோ ஒரு நீண்ட பட்டியல். இன்னாருக்கு இது உண்டு, இன்னாருக்கு இது கிடையாது என்று எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். பெரிய சட்டியை ஒன்பது கிண்ணத்தில் ஊற்றும் வேலை. டாஸ் காலத்துப் பண்புகளான ஆர்க்கைவ், சிஸ்டம், மறைவு ஆகிய மூன்றுக்கு யூனிக்ஸில் இடமே இல்லை. சாம்பாக்காரர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். எக்ஸெல் கோப்பை யார் இயக்கப் போகிறார்கள், அந்த மூன்று "இயக்க" சுவிட்சும் சும்மாதானே கிடக்கிறது என்று அதில் இந்த மூன்றையும் வைத்துவிட்டார்கள். அதனால்தான் பழைய சாம்பா பெட்டியில் உட்கார்ந்து பட்டியல் போட்டுப் பார்த்தால் சம்பளக் கணக்கும் கடிதமும் எல்லாம் நிரல் மாதிரிப் பச்சை நிறத்தில் மின்னும். புதிய பதிப்புகள் இவற்றைத் தனியாகக் குறித்து வைக்கின்றன, அந்த அழகு போய்விட்டது.

பூட்டு விவகாரம் இதையெல்லாம்விட ஆபத்தானது. விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்கும்போதே, நான் வைத்திருக்கும்வரை வேறு யாரும் எழுதக்கூடாது என்று சொல்லித் திறக்கலாம். வேறொருவர் திறந்திருக்கும் கோப்பை அழிக்கப் போனால் பெரும்பாலும் விடாது. யூனிக்ஸ் தாராளம்: திறந்திருக்கும் கோப்பையே அழிக்கலாம், பூட்டு என்பதும் பெரும்பாலும் மரியாதைக்குத்தான், மதிக்கிறவன் மதிப்பான். விண்டோஸ் எதிர்பார்க்கும் கண்டிப்பைக் கொடுக்க, சாம்பா தன்னிடம் ஒரு தனிப் பேரேடு வைத்து யார் எதைத் திறந்தார்கள் என்று எழுதிக்கொள்கிறது. சாம்பா வழியாக வருபவர்களுக்கு அது போதும். ஆனால் அதே கோப்பை ஒருவர் என்எஃப்எஸ் வழியாகவோ, பெட்டியிலேயே உட்கார்ந்தோ திறந்தால் அந்தப் பேரேடு அவர் கண்ணில் படாது. முன்வாசலில் ரிஜிஸ்டர் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து போட்ட கதைதான்.

இதோடு வேகத்துக்காக எஸ்எம்பியில் ஓர் ஏற்பாடும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கோப்பை நீ ஒருவன் மட்டும் வைத்திருந்தால் சர்வர் சொல்லும்: "இப்போதைக்கு வேறு யாரும் கேட்கவில்லை, திருத்தங்களை உன்னிடமே வைத்துக்கொள், ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஓடிவராதே." இன்னொருவர் அதே கோப்பைக் கேட்டதும், "வைத்திருப்பதை எல்லாம் உடனே அனுப்பு" என்று ஆள் விடும். இரண்டு பேரும் சாம்பா வழியாக வந்தால் சரி. இரண்டாமவர் பின்கதவு வழியாக வந்தால், சர்வரில் இருப்பது பழைய பதிப்பு, புதியது முதல் ஆளின் நினைவகத்தில். கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பு கெட்டுப்போனதாகக் கேள்விப்படும்போதெல்லாம் முதலில் நான் கேட்பது, வேறு வழியாக யாராவது அதைத் தொடுகிறார்களா என்றுதான்.

நேரத்திலும் ஒரு சின்னக் குழி. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று வாசிக்கும், லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொது நேரம் என்று வாசிக்கும். நம் நாட்டில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். பயனர்களையும் உள்நுழைவையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி வைத்த அலுவலகத்தில் சர்வர் நேரமும் கணினி நேரமும் இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே உள்ளே விடாது. பாஸ்வேர்ட் சரிதான் என்று ஒருவர் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பார், கோளாறு கடிகாரத்தில்.

ஆக்டிவ் டைரக்டரி என்றதும் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. எஸ்எம்பியின் பழைய வழக்குகள் ஓரளவு ஆவணமாக வெளிவந்திருந்தன. அலுவலகம் முழுக்கவும் பயனர், அனுமதி, உள்நுழைவு எல்லாவற்றையும் நிர்வகிக்கும் புதிய பகுதியை மட்டும் மைக்ரோசாஃப்ட் மூடியே வைத்திருந்தது. காப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அங்கே ரகசியக் குறியீட்டில் பேச ஆரம்பித்தால் என்ன செய்வது? 1998இல் சன் நிறுவனம் புகார் கொடுத்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, போட்டியாளர்களுக்கு விவரங்களைக் கொடு என்றது. மேல்முறையீட்டில் 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே டிசம்பரில் சாம்பா தரப்பு, ஓர் அறக்கட்டளை மூலமாக ஒரே தடவையாக 10,000 யூரோ கட்டி ஆவணங்களைப் பெற்றது. ஆவணத்தை வெளியே காட்டக்கூடாது, அதைப் படித்து எழுதும் நிரலை வெளியிடலாம் என்பது ஏற்பாடு. இரண்டே மாதத்தில், 2008 பிப்ரவரியில், மைக்ரோசாஃப்ட் தானாகவே சுமார் 30,000 பக்க ஆவணங்களை இணையத்தில் போட்டது. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4.0 ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே நிற்கக் கற்றுக்கொண்டது. அபராதத் தொகை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. நெட்வொர்க் ஆட்களுக்கு முக்கியமானது அந்தப் பத்தாயிரம் யூரோதான் என்பது என் கட்சி.

ஆப்பிள் இதற்கிடையில் வேறு வழியில் வந்து சேர்ந்தது. முதலில் மேக்கில் சாம்பாவையே வைத்திருந்தது. சாம்பா ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியதும், 2011இன் லயன் பதிப்பில் அதை எடுத்துவிட்டுச் சொந்தமாக எஸ்எம்பி எழுதிக்கொண்டது. 2013இல் மேவரிக்ஸ் பதிப்பு வந்தபோது, தன் வீட்டு ஏஎஃப்பியைப் பின்னுக்குத் தள்ளி எஸ்எம்பி2-ஐயே முதல் மொழியாக்கிவிட்டது. என்எஃப்எஸ் சர்வர் அறைகளில் இன்னும் நன்றாக இருக்கிறது. வீடும் சிறு அலுவலகமும் எஸ்எம்பிதான்; ஐபோனில்கூட 2019லிருந்து ஃபைல்ஸ் செயலி அதைப் பேசுகிறது.

கடைசியாக, இன்று வரும் புகார்களில் நிறையப் பேரை அலைக்கழிப்பது: "நேற்று வரை தெரிந்த கணினி இன்று நெட்வொர்க்கில் தெரியவில்லை." இதற்கு 2017 மே 12க்குப் போக வேண்டும். அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீநிரல் பரவியது. எஸ்எம்பியின் முதல் பதிப்பைக் கையாளும் விண்டோஸ் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக, 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது நுழைந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 இயல்பாக வருவதில்லை. நல்ல முடிவுதான். ஆனால் நான் முன்னே சொன்ன கூவல், தேர்தல், பட்டியல் எல்லாம் அந்த முதல் பதிப்போடு பிணைந்தவை. அது போனதும் பட்டியலும் போயிற்று. விண்டோஸ் இப்போது வேறு முறையில் அக்கம்பக்கத்தைத் தேடுகிறது, மேக் பான்ஷூர் வைத்துத் தேடுகிறது, லினக்ஸில் அதற்கு ஆவாஹி. சாம்பா விண்டோஸின் புது முறையைப் பேசுவதில்லை, அதற்குத் தனியாகச் சின்னக் கருவி ஒன்று போட வேண்டும். பெட்டி தெரியவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி முகவரியைத் தட்டினால் பெரும்பாலும் திறக்கும். ரௌட்டரில் அந்தப் பெட்டிக்கு நிலையான ஐபி ஒதுக்கி, டிரைவ் மேப் செய்துவிட்டால் தேடும் வேலையே இல்லை.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தால் நேராக ஃபோல்டரில் வந்து விழும் பழைய இயந்திரங்கள்தான் பாவம். அவற்றில் பலவற்றுக்கு எஸ்எம்பி1 தவிர வேறு தெரியாது. 2024இல் வந்த விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, கையொப்பம் இல்லாத இணைப்பையும் பெயர் சொல்லாத விருந்தாளியையும் இயல்பாகவே மறுக்கிறது. பாஸ்வேர்ட் இல்லாமல் எல்லாருக்கும் திறந்து வைத்த ஷேர்கள் அதோடு நின்றன. சர்வீஸ்காரர் வந்து எஸ்எம்பி1-ஐத் திரும்பப் போட்டுவிட்டால் ஸ்கேனர் அன்றைக்கே ஓடும். நான் போடச் சொல்ல மாட்டேன். ஸ்கேனர் மட்டும் பேச நடுவில் ஒரு பழைய லினக்ஸ் பெட்டியை வைத்து, அதை இணையத்திலிருந்து பிரித்துவிடுவது கொஞ்சம் வேலைதான், ஆனால் அதுதான் சரி.

அண்ணாச்சியின் பெட்டிக்கு வருவோம். பிரிந்த கொம்பையும் காலையும் சேர்க்கும் கருவி ஒன்றை ஓட்டினேன். பெரும்பாலான பெயர்களைச் சேர்த்தது. ஜோடி இருந்த இடங்களில் மட்டும், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டது. தேதியைப் பார்த்துப் புதியதை வைக்கலாம் என்றால், பழையதை யாரோ திறந்து மறுபடி சேமித்ததில் அதன் தேதி புதிதாகியிருந்தது. டிசைனர் ஒவ்வொரு ஜோடியாகத் திறந்து பார்த்துப் பிரித்தார். நோட்டீஸ், தேர்தல் நேரத்துப் போஸ்டர், கோழிக்கடை விசிட்டிங் கார்டு என்று ஓகாரம் இருந்த இடமெல்லாம் மாட்டியிருந்தது.

"இனிமே பில் நம்பர்தான் பேரு, தமிழே வேணாம்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். மேஜைக்காரர் அப்படியே செய்கிறார். டிசைனர் மட்டும் நம்பருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு, தமிழிலும் பெயரை எழுதித்தான் வைக்கிறார். நம்பரை வைத்து எது யாருடையது என்று அவருக்குத் தெரிவதில்லையாம்.